கன்னி மூலையில் ஒரு பீரோ

வியாசர்பாடியில், பதினாலாம் மாடியில் இருந்த தன் வீட்டைப் பற்றிப் புனிதவதி பேசத் தொடங்கினால், கேட்கிறவர்கள் அதை ஏதோ அரண்மனை என்றே நினைத்துக்கொள்வார்கள். வந்து பார்த்தால் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டிய சமையலறை. இவ்வளவுதான். அதனால் என்ன? மெட்ரோ ரயில் ஓட்டிச் சம்பாதித்த சொந்த வீடு. பகலெல்லாம் அத்தனை நீள ரயிலை இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருகிறவள், சாயங்காலம் இந்தக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கும்போதுதான் முதுகை நிமிர்த்தி நடப்பாள்.

வீட்டின் அளவைக் கேட்டால் மட்டும் அவள் கணவன் தணிகாசலம் சிரிப்பான். "எந்த வாரத்து அளவு கேக்குறீங்க?" என்பான்.

அது கேலி இல்லை, நிஜம். சென்னையில் கட்ட இடமே மிஞ்சாமல் போன பிறகு எழுந்த கட்டடங்களில், இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. தரையில் பதித்த தண்டவாளத்தில் நகரும். குடிவந்த அன்றே கட்டட மேற்பார்வையாளர் தணிகாசலத்தை உட்காரவைத்து விளக்கினார்.

"இந்தப் பக்கம் நீங்க மூணு பேரு. அந்தப் பக்கம் ரெண்டு பேரு. அதனால சுவர் அந்தப் பக்கமா தள்ளி நிக்குது. நாளைக்கு அங்க ஆள் கூடுனா இந்தப் பக்கம் வரும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதுவே பாத்துக்கும்."

"எத்தினி பேரு இருக்கோம்னு அதுக்கு எப்டி சார் தெரியும்?"

"தரை சொல்லும். எந்தக் கால் தினம் நடக்குது, எங்க நிக்குது, எல்லாம் தரைக்குத் தெரியும். முகம் தெரியாது. கால் மட்டும்தான் தெரியும்."

"ஆளு செத்துட்டா?"

"கால் நின்னுடும். சுவர் வந்துடும்." கரண்ட் பில் கட்டும் தேதியைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஊர் சும்மா இருக்குமா? இரண்டு வருடத்துக்குள் தில்லுமுல்லு எல்லாம் வந்துவிட்டது. அத்தை, மாமா, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று யாரையாவது கூட்டிவந்து மாதக்கணக்கில் உட்காரவைத்தார்கள். வீடு வீடாகப் போய் நடந்து கொடுப்பதையே தொழிலாகச் செய்தவர்களும் உண்டு. கணவனும் மனைவியும் பிரிந்தால், யார் வெளியே போவது என்பதைவிட எத்தனை அடி வெளியே போகும் என்பதே பெரிய சண்டையாயிற்று. புனிதவதி இதில் எதையும் தொடவில்லை. "என் எடத்துல ஒரு அங்குலம்கூட பொய்யா வந்தது கெடையாது" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வாள்.

ஆனால் அவளும் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். அதைத் தப்பு என்று அவள் அன்று நினைக்கவில்லை.

அவளுடைய கல்யாணத்துக்குச் சீராக வந்த இரும்பு பீரோ ஒன்று இருந்தது. எல்லாரும் மடக்கு நாற்காலிக்கும் காற்றடைத்த கட்டிலுக்கும் மாறிய பிறகும் அவள் அதை விடவில்லை. பீரோ என்றால் அது கன்னி மூலையில்தான் நிற்க வேண்டும். தென்மேற்கில் கனம் இருந்தால்தான் வீடு தங்கும் என்பதில் அவளுக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. நகரும் சுவரோ மேற்கே. சுவர் நகர்ந்தால் கன்னி மூலையும் கூடவே நகர்ந்து தொலைக்கும். பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் போனாலும் புருஷனும் பெண்டாட்டியும் பீரோவைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள். ஒருநாள் புனிதவதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆளைக் கூட்டிவந்து பீரோவின் காலைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கிவிட்டாள்.

அடுத்த முறை சுவர் இந்தப் பக்கம் வரப் பார்த்தது. பீரோவில் முட்டியது, கொஞ்ச நேரம் முனகியது, நின்றுவிட்டது. "வீடு தங்கிடுச்சு பாத்தியா!" என்று அவள் குதித்தாள். கட்டடத்தில் வேறு யாரிடமும் அப்படியொரு கனமான சாமான் இல்லாததால், அதைத் தடுக்க விதியும் இல்லை.

இந்த நிலையில்தான் மகள் நறுமுகைக்குக் கல்யாணம் கூடி வந்தது.

பையன் அஸ்வத், தாம்பரம். இரண்டு பேரும் தாங்களே பேசி முடிவு செய்துகொண்டு பெற்றவர்களிடம் சொன்னார்கள். எல்லாருக்கும் சம்மதம். பையன் வீட்டார் வந்து கை நனைப்பதுதான் பாக்கி. சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டில் தண்ணீருக்கு மேல் எதையும் தொடமாட்டார்கள். உறுதியான அன்று இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதன்பிறகு பேச்சு மாறாது.

பையனின் அப்பா பாலகுரு வீடியோவில் வந்தார். "ஹால் ஒண்ணு பாத்துக்கலாமே. இப்பல்லாம் யாரு வீட்டுல வச்சுக்கிறாங்க? எங்க சுவரும் நகர்ற சுவருதான், எங்களுக்குத் தெரியாதா!"

"என் வீட்டுலதாங்க கை நனைக்கணும்" என்றாள் புனிதவதி.

"பன்னெண்டு பேரு வர்றோமேம்மா."

"வாங்க. ஒரே பந்தி."

பேச்சு முடிந்ததும் தணிகாசலம் தலையில் கைவைத்துக்கொண்டான். "இன்னா புனிதா, ரெண்டு பந்தின்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பாதி பேரு சாப்பிட, பாதி பேரு வராண்டாவுல நின்னு வாய பாத்துனு இருக்கறதா? அது ஹோட்டல். இது வூடு."

அன்றைக்கே வேலை தொடங்கியது. புனிதவதிக்கு இடத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ரயில் பெட்டியிலிருந்து வந்தது. நடுவில் ஒன்றும் நிற்கக் கூடாது, எல்லாம் ஓரத்துக்குப் போக வேண்டும். கூடத்துச் சோபாவைத் தூக்கிவிட்டு, சுவரோரம் மடங்கும் நீள பெஞ்சு போட்டாள். அதன் வயிற்றுக்குள் பாய், தலையணை, போர்வை எல்லாம் அடங்கின. சாப்பாட்டு மேசை சுவரில் சாய்ந்து படம்போல் தொங்கியது. கட்டிலுக்குக் கயிறும் கப்பியும் கட்டி, பகலில் கூரையோடு ஏற்றிவிட்டாள். முதல் நாள் அது பாதியில் நின்று தணிகாசலத்தின் தலையில் இடித்தது. "தூங்குற கட்டிலே அடிக்குதுடா சாமி" என்று அவன் புலம்பினான். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த தடுப்பைக் கழற்றி, திரைச்சீலை மாட்டினாள். இரண்டும் ஒன்றாகி நீளமாகக் கிடந்ததைப் பார்த்தபோது அவளுக்கே கண் நிறைந்தது.

பிறகு சாக்பீஸை எடுத்துத் தரையில் இலை போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வரிசையாக வரைந்துகொண்டே போனாள். பத்து இலைக்கு மேல் போகவில்லை. பதினோராவதும் பன்னிரண்டாவதும் விழ வேண்டிய இடத்தில் பீரோ நின்றது.

"தூக்கிட்டா முடிஞ்சுது" என்றான் தணிகாசலம்.

"கன்னி மூலைய காலி பண்ணிட்டு பொண்ணுக்குக் கல்யாணம் பேசறதா? வாய கழுவு."

மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். பக்கத்து வீட்டார் மனம் வைத்தால் ஒருநாளைக்கு இடம் கடன் தரலாம். அந்த வீட்டுக் கணவனும் மனைவியும் சுவரில் உள்ளங்கையை வைத்தால் போதும். யாரிடமும் கை நீட்டாத புனிதவதி, இதற்காகப் புடவை மாற்றிக்கொண்டு போனாள்.

பக்கத்து வீட்டில் குலசேகரனும் அவர் மனைவி விமலாவும். அவர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிவகாசிக்காரர். கதவைப் பாதி திறந்துகொண்டு பேசினார்.

"ரெண்டடி போதும் சார். அன்னைக்கு மட்டும். விமலாக்காவும் நீங்களும் கைய வச்சீங்கன்னா..."

"விமலா தம்பி வீட்டுக்குப் போயிருக்காம்மா. வந்ததும் பாப்போம்." அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

"கஞ்சப் பய" என்றான் தணிகாசலம்.

"ஒரு தடவ கேட்டாச்சு. ரெண்டாந்தடவ என் வாயில வராது" என்றாள் அவள். ஆனால் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, விருந்துக்குச் செய்யவிருந்த சொஜ்ஜியை ஒத்திகை பார்த்தாள். கோபம் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் சாப்பிட்டுப் பழக்கம் இல்லை. மத்தியானம் கிண்ணத்தோடு போனபோது அவர் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளியவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

குலசேகரன் சமையலறையில் நடந்துகொண்டிருந்தார். காலில் பெண்கள் போடும் ரப்பர் செருப்பு. குதிகால் பின்னால் வெளியே தொங்கியது. நெஞ்சோடு ஓர் அரிசிப் பையை அணைத்திருந்தார். அடுப்புக்குப் போனார், நின்றார், திரும்பித் தொட்டிக்குப் போனார், மறுபடி அடுப்புக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

கிண்ணம் கதவில் இடித்த சத்தம் கேட்டு அவர் திரும்பினார். மறைக்க நேரம் இல்லை.

"விமலா என்னைவிடக் கனம்மா" என்றார். "பை இல்லாம நடந்தா தரை ஒத்துக்கிட மாட்டேங்குது."

"அக்கா எப்ப சார்...?"

"பங்குனியில. தம்பி வீட்டுலயே மாரடைப்பு. காரியமெல்லாம் அங்கயே முடிச்சாச்சு. இங்க சொல்லல." பையை இறக்கி வைத்தார். "நீங்க எடம் கேட்டு வந்தப்ப எனக்குக் கேவலமா இருந்துச்சு. ஆனா அவ கைக்கு நான் எங்க போவேன்?"

"எதுக்கு சார் மறைக்கிறீங்க? ஒத்தை ஆளுக்கு மிச்ச எடம் போதாதா?"

"போதும். தாராளமாப் போதும்." அவர் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக் காட்டினார். "சுவரு வந்தா மொதல்ல இதைத்தான் முழுங்கும். கல்யாணம் பண்ணி இருபத்தாறு வருசம் கழிச்சு, கடைசியில எங்களுக்குன்னு கெடச்ச வீட்டுல அவ நின்ன எடம் இதான். தெனமும் வந்து இங்க கொஞ்ச நேரம் நிப்பேன். சுவருக்குள்ள போயி எப்படி நிக்க?"

அப்போது புனிதவதிக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் விமலாவின் தங்கை பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கினாள். சுவர் இந்தப் பக்கம் வந்து அவர்களுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். வந்து, பீரோவில் முட்டி நின்றுவிட்டது. பிள்ளைகள் வராண்டாவில் படுத்தார்கள். "பரவால்ல புனிதா, வெளிய நல்லா காத்து வருது" என்று விமலா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்று இவள் அப்படியே நம்பிவிட்டாள். இப்போது வெட்கத்தில் காது சுட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தணிகாசலத்தின் கண் ஒரு கணம் மின்னியது. கெட்டவன் இல்லை. அவனும் பத்து இலையைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டவன்தான். "கட்டட ஆபீஸ்ல ஒரு வார்த்த சொன்னா வர்ற வெள்ளிக்கிழமையே சுவரு தள்ளிடும். பன்னெண்டு எல தாராளமா விழும். உண்மையத்தானே சொல்றோம்?"

"செத்தவ நின்ன எடத்துல எலய போட்டு என் சம்பந்திய உக்கார வெக்கணுமா?"

அவள் அன்று முழுவதும் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். பீரோவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு போல்ட் கழற்றும் ஸ்பேனரைத் தேடி எடுத்தாள்.

"பீரோ அந்தப் பக்கம் போவுது" என்றாள். "அவரு சுவத்தோரமா நிறுத்தி, நாலு காலுக்கும் போல்ட் போடறோம். எந்தச் சுவரும் வந்து முட்டட்டும். அக்கா நின்ன எடத்த எவனும் தொட முடியாது. அவரும் மூட்டை தூக்கினு நடக்க வேணாம். எனக்கும் ரெண்டு எலைக்கு எடம் வரும்."

தணிகாசலம் பதறினான். "அவரு வூட்டுல அது எந்த மூலை தெரியுமா? அக்னி மூலை! பீரோவக் கொண்டு போயி அடுப்பாண்ட வெக்கிறேன்றியே, பொண்ணோட நகையெல்லாம் அதுலதானே இருக்கு?"

"அவருக்குத்தான் அது அக்னி மூலை. நம்ம வூட்டுலேந்து பாத்தா அதுவும் தென்மேற்குதான். சுவருக்கு இந்தாண்ட இருந்தா இன்னா, அந்தாண்ட இருந்தா இன்னா?"

இதற்குப் பதில் சொல்ல எந்த வாஸ்துக்காரனாலும் முடியாது. தணிகாசலம் சட்டையைக் கழற்றிவிட்டுத் தூக்க வந்தான். குலசேகரனிடம் சொல்லி அவரையும் சேர்த்துக்கொண்டு, மூன்று பேருமாகப் பீரோவை வராண்டா வழியாக நகர்த்தி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. கடைசி போல்டைக் குலசேகரன் தானே முறுக்கினார். பிறகு சுவருக்கும் பீரோவுக்கும் பக்கத்தில், அடுப்புக்கு முன்னால் போய் நின்றார். வெறுங்காலோடு நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயே, இன்னா சார்! என் பொடவையெல்லாம் இங்கதான் இருக்கு. தெனம் வந்து தொந்தரவு குடுப்பேன், அப்ப திட்டாதீங்க" என்றாள் அவள்.

பையன் வீட்டார் வந்தார்கள். வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தவர்கள் உள்ளே வரத் தயங்கியதைப் புனிதவதி கவனித்தாள். அவள் திரைச்சீலையை இழுத்தாள். கட்டில் கூரையில் இருந்தது. மேசை சுவரில் இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எதிரெதிராகத் தலைவாழை இலைகள், பன்னிரண்டும் ஒரே பந்தியில். யாருடைய முழங்காலும் யார்மேலும் இடிக்கவில்லை. தணிகாசலம் சாதம் போட, குலசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரசம் ஊற்றினார். முதல் கவளத்தைப் பையனின் அம்மா சுகந்தி எடுத்து வாயில் வைத்தபோது நறுமுகை தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒன்றே போதும் என்றிருந்தது புனிதவதிக்கு.

"எங்க வீட்டுல ஆறு பேரு சேந்து உக்காந்து சாப்பிட்டு வருசக்கணக்காச்சு" என்றாள் சுகந்தி, இலையை மடித்தபடி. "இந்த வீடு எவ்வளவு அளவு சம்பந்தி?"

தணிகாசலம் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தான். புனிதவதி முந்திக்கொண்டாள். "பன்னெண்டு எல."

கல்யாணம் ஆவணியில் முடிந்தது. நறுமுகை தாம்பரம் போனாள்.

அதற்கடுத்த வாரம் காலை ஷிப்ட் முடிந்து புனிதவதி வீடு திரும்பினாள். கதவைத் திறந்தால் தணிகாசலம் கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். காலில் நறுமுகை விட்டுப்போன பூப்போட்ட செருப்பு, பெருவிரல் மட்டும்தான் உள்ளே நுழைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஜன்னலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

"முட்டி வலி. சும்மா நடக்கறேன்."

"முட்டி வலிக்கு இந்தச் செருப்பா?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. "வெள்ளிக்கெழம சுவரு வரும் புனிதா. அவ படுத்துனு இருந்த எடமே இல்லாம பூடும்."

அவளுக்கும் ஒரு கணம் அந்தச் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு நடக்கலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு குனிந்து அவன் காலிலிருந்து அதைக் கழற்றினாள்.

"குலசேகரன் சார் நடந்தாரு, அவருக்கு வேற வழியில்ல. நம்ம பொண்ணு எங்கியும் காணாம பூடல. அவ போன எடத்துலயும் வெள்ளிக்கெழம ஒரு சுவரு தள்ளி நின்னு அவளுக்கு எடம் குடுக்கும். அங்க தள்ளணும், இங்க மட்டும் வரக் கூடாதுன்னா எப்டி? வரட்டும். நிமிந்து நின்னு பாப்போம்."

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, கூடத்தில் நின்றார்கள். சுவர் முனகியது. மெல்லக் கிளம்பி வந்தது. வழியில் பீரோ இல்லை. அவள் ஓரங்கட்டி வைத்திருந்த சாமான் ஒன்றும் உருளவில்லை, ஒரு டம்ளர்கூட விழவில்லை. இரண்டு அடி வந்து நின்றது. கன்னி மூலை மறுபடியும் இடம் மாறியிருந்தது. "வா வா" என்று புனிதவதி அதைத் தட்டிக்கொடுத்தாள், வந்த விருந்தாளியைத் தட்டுவதுபோல.

கைபேசி அடித்தது. "அம்மா! இங்க எங்க சுவரு நகந்துடுச்சும்மா!" என்று நறுமுகை கத்தினாள். "பக்கத்து வூட்டுக்காரங்க மூஞ்ச தூக்கி வச்சுனு இருக்காங்க. அத்தை காலைலேந்து கிண்ணம் கிண்ணமா பாயசம் குடுத்து சமாதானம் பண்ணினு இருக்காங்க."

தணிகாசலம் அழுதுகொண்டே சிரித்தான். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே குலசேகரன் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் குழப்பம்.

"என்னம்மா இது? பீரோவுக்குப் பின்னால ரெண்டடி எடம் கூடிக் கெடக்கு. என் ஒருத்தன் காலுக்கு இவ்வளவா?"

"தெனம் பொடவ எடுக்க வர்றேன்ல சார். தரை என்னையும் உங்க வூட்டு ஆளுன்னு சேத்துனுகீது." அவள் சிரித்தாள். "அதுக்கு முகம் தெரியாதே."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "தலை தீபாவளிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வருவாங்கள்ல? எங்க படுக்க வைக்கப் போறீங்க?"

புனிதவதி தணிகாசலத்தைப் பார்த்தாள். அவன் அதற்குள் கப்பிக் கயிறு எடுக்க எழுந்துவிட்டான்.

"ஒரு கட்டில் ஏத்தி எறக்கலாம்" என்றாள். "நடுவுல ஒண்ணும் நிக்கக் கூடாது, எல்லாம் ஓரமா போவணும். அக்கா நின்ன எடத்தத் தொடாம." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பக்கத்து வீட்டுக்குள் நடந்தாள்.